பேசும் பெட்டியும் பதில் சொல்லும் குழந்தையும்

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ஆம் நாள் தொடங்கிற்று. அந்நாளில் பெரிய நகரங்களில் வாழ்ந்தோரிலும் மிகச் சிலரே தொலைக்காட்சிப் பெட்டியைக் கண்டிருந்தனர். ஆனால் அதற்கு இரண்டு வாரம் முன்னரே, ஆகஸ்டு 1-ஆம் நாளில், ஒரிஸ்ஸா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், ஆந்திரப் பிரதேசம், கர்நாடகம் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி போய்ச் சேர்ந்துவிட்டது. மிகவும் பின்தங்கியவை என்று தேடித் தேர்ந்தெடுத்த ஊர்கள் அவை. மாநகரமான சென்னையை முந்திக்கொண்டு அவ்வூர்ப் பள்ளிகளுக்குள் தொலைக்காட்சி எப்படி நுழைந்தது? வானத்திலிருந்து நேராக இறங்கிற்று!

‘சைட்’ என்று சுருக்கமாக வழங்கப்பட்ட அச்சோதனையின் முழுப்பெயர், செயற்கைக்கோள் வழித் தொலைக்காட்சிக் கல்விச் சோதனை என்பதாகும். ஏழை நாடுகளின் வகுப்பறைக்குள் புதிய கருவிகளைக் கொண்டுவரும் முயற்சிகளில் அது மிகப் பெரியது. அதற்கு முன்னும் பின்னும் வேறு பல கருவிகள் இவ்வாறு வந்தன. சில நிலைத்தன, பல மறைந்தன. மறைந்தவை எல்லாம் மட்டமான கருவிகள் அல்ல. நிலைத்தவை எல்லாம் விலை உயர்ந்தவையும் அல்ல. அப்படியானால் வேறுபாடு எதில் இருந்தது? அந்த வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்ப்போம்.

எடிசனின் கணிப்பு

மின்விளக்கையும் பேசும் பெட்டியையும் உலகுக்குத் தந்த தாமஸ் ஆல்வா எடிசன், 1913-ஆம் ஆண்டில் ஒரு கணிப்பை வெளியிட்டார். பள்ளிகளில் புத்தகங்களுக்கு விரைவில் வேலை இருக்காது, எல்லாவற்றையும் திரைப்படமே கற்பித்துவிடும் என்பது அவர் கருத்து. நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. புத்தகம் பள்ளியை விட்டுப் போகவில்லை. ஆயினும் எடிசனின் நம்பிக்கை மட்டும் ஒவ்வொரு புதுக் கருவியோடும் மீண்டும் மீண்டும் பிறந்து வந்திருக்கிறது. திரைப்படத்தின் இடத்தில் முதலில் வானொலி வந்தது. பிறகு தொலைக்காட்சி, கணிப்பொறி என்று பெயர் மாறிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல நாடுகள் விடுதலை பெற்றன. எல்லாக் குழந்தைகளும் படிக்கவேண்டும் என்று அவை முடிவு செய்தன. பள்ளிக் கட்டடத்தைச் சில மாதங்களில் எழுப்பிவிடலாம். நல்ல ஆசிரியரை அப்படி உருவாக்க முடியாது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் நகரங்களில் இருந்தனர். குழந்தைகளோ கிராமங்களில் இருந்தனர். ஒரு சிறந்த ஆசிரியரைத் தொலைக்காட்சியில் பாடம் நடத்தச் செய்தால், ஒரே நேரத்தில் ஆயிரம் பள்ளிகளில் அவர் பாடம் நடத்தியதாகாதா? கேட்பதற்கு இனிமையான யோசனைதான்.

இதை முழு மூச்சாகச் செய்து பார்த்த இடம், பசிபிக் பெருங்கடலில் உள்ள அமெரிக்க சமோவா என்னும் தீவுக்கூட்டம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதி அது. அங்கு 1961-இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற ரெக்ஸ் லீ, தீவின் பள்ளிகளைப் படிப்படியாகத் திருத்தக் காலம் போதாது என்று எண்ணினார். பாகோ பாகோ துறைமுகத்துக்கு மேலே ஆலாவா மலை உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம் எழுந்தது. துறைமுகத்தின் குறுக்கே இழுத்துக் கட்டிய கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் வண்டியில்தான் ஆட்களும் பொருள்களும் மலையேறினர். 1964-ஆம் ஆண்டு அக்டோபரில் பாடங்கள் தொடங்கின. முக்கியமான பாடத்தைத் திரை நடத்தும். வகுப்பில் இருக்கும் ஆசிரியர் அதைப் பின்பற்றிப் பயிற்சி கொடுப்பார். திரைதான் ஆசிரியர், ஆசிரியர் அதன் உதவியாளர்!

சின்னக் குழந்தைகள் இதை விரும்பினர். மேல் வகுப்பு மாணவர்களுக்கோ சலிப்புத் தட்டிற்று. புரியவில்லை என்று கையை உயர்த்தினால் திரையில் இருப்பவருக்குத் தெரியாது. எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்றாலும் அவர் நிறுத்தமாட்டார். ஆண்டுகள் செல்லச் செல்ல, உள்ளூர் ஆசிரியர்களும் பயிற்சி பெற்றுத் தேறினர். தங்கள் வகுப்பைத் தாங்களே நடத்த முடியும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு வந்தபோது, திரை பின்னுக்குப் போயிற்று. 1970-களின் நடுப்பகுதியில் அது ஆசிரியர் விரும்பினால் பயன்படுத்தும் ஒரு துணைக்கருவியாகிவிட்டது.

எண்பது வாட்டில் ஒரு வகுப்பறை

இந்தியாவின் சோதனைக்கு வித்திட்டவர் விக்ரம் சாராபாய். 1969-ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்திய அணுசக்தித் துறையும் அமெரிக்காவின் நாசா நிறுவனமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. நாசா தன் செயற்கைக்கோளை ஓராண்டுக்கு இரவல் தரும்; தரையில் வேண்டிய எல்லாவற்றையும், நிகழ்ச்சிகளையும், இந்தியாவே செய்துகொள்ளும். சாராபாய் 1971-ஆம் ஆண்டு டிசம்பரில் காலமானார். அவர் தொடங்கிய பணியை, ஆமதாபாத்தில் உள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் இயக்குநரான யஷ்பாலும் அவருடைய தோழர்களும் நிறைவேற்றினர்.

ஏ.டி.எஸ்.-6 என்பது அந்தச் செயற்கைக்கோளின் பெயர். 1974-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் அது ஏவப்பட்டது. முதலில் அமெரிக்காவுக்குப் பணியாற்றிவிட்டு, 1975-இல் மெல்ல நகர்த்தப்பட்டுக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு நேர் மேலே நிறுத்தப்பட்டது. நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோள், பூமி தன்னைத்தானே சுற்றும் அதே வேகத்தில் உடன் சுற்றுவதால், தரையிலிருந்து பார்க்கும்போது ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். ஆகவே அதை நோக்கி வைத்த அலைவாங்கியை அசைக்கவே வேண்டியதில்லை.

அந்தக் கோளின் ஒளிபரப்பியின் ஆற்றல் எவ்வளவு தெரியுமா? 80 வாட்! வீட்டில் நாம் முன்பு எரித்த குண்டு பல்பின் ஆற்றல்தான். அவ்வளவு உயரத்திலிருந்து அது இந்தியாவின் சிற்றூர்களை எட்டியது எப்படி? கோளின் தலையில் 9 மீட்டர் அகலமுள்ள ஒரு குடை விரிந்தது. அந்தக் குடை, அலைகளை நாலாபக்கமும் சிதறவிடாமல் குவித்து, இந்தியாவை நோக்கியே அனுப்பிற்று. வெறும் பல்பு வெளிச்சம் அறை முழுவதும் பரவி மங்கிவிடுகிறது. அதே பல்பைக் கைவிளக்கின் குழிந்த தகட்டுக்குள் வைத்தால் எதிர்ச்சுவரில் பளிச்சென்று விழுகிறதல்லவா? அதே தத்துவம்தான்.

வானத்தில் குடை பெரிதாக இருந்ததால், தரையில் இருக்கவேண்டிய கருவி எளிதாயிற்று. கோழிக்கூண்டுக்குப் பயன்படும் கம்பிவலையை வளைத்து, 3 மீட்டர் அகலமுள்ள கிண்ணங்கள் செய்யப்பட்டன. ஓட்டை ஓட்டையாக உள்ள வலையில் அலை நழுவி விடாதா என்று நீங்கள் கேட்கலாம். அந்த அலையின் அதிர்வெண் 860 மெகாஹெர்ட்ஸ். அதன் நீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். வலையின் கண்ணோ அதைவிட மிகமிகச் சிறியது. அலைநீளத்தைவிட மிகச் சிறிய துளைகள் அலைக்குத் துளைகளாகவே தெரிவதில்லை. தகட்டின்மேல் பட்டதுபோல் அது திரும்பிவிடுகிறது. விலையோ தகட்டைவிடக் குறைவு; காற்றும் வலைக்குள் புகுந்து போய்விடும், கிண்ணம் சாயாது. ஏழை நாட்டுக்கு ஏற்ற பொறியியல் இதுதான்.

ஆமதாபாத்திலிருந்து கிளம்பிய அலை கோளை எட்டி மீண்டும் சிற்றூரில் இறங்கச் சுமார் கால் நொடிதான் ஆயிற்று. படம் ஒன்றாகவும் ஒலி இரண்டு மொழிகளிலுமாக அனுப்பும் வசதியும் இருந்தது. கொழும்பில் வாழ்ந்த அறிவியல் எழுத்தாளர் ஆர்தர் கிளார்க், இத்தகைய நிலைக்கோள்களைப் பற்றி 1945-இலேயே எழுதியவர். அவர் வீட்டிலும் இந்தியப் பொறியாளர்கள் ஒரு கிண்ணம் அமைத்துக் கொடுத்தனர்.

திரைக்கு முன்னால் நடந்தது

நாள்தோறும் நான்கு மணி நேரம் ஒளிபரப்பு. மாலையில் இரண்டரை மணி நேரம் ஊராருக்கு: வேளாண்மை, உடல்நலம், குடும்பநலம், ஆடல் பாடல். காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிக் குழந்தைகளுக்கு. இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் ஆகிய நான்கு மொழிகளும் அதைப் பங்கிட்டுக்கொண்டதால், ஒவ்வொரு மொழிக்கும் இருபத்திரண்டரை நிமிடம் கிடைத்தது. 5 வயது முதல் 12 வயது வரை எல்லாக் குழந்தைகளும் ஒரே பெட்டியின் முன் தரையில் அமர்ந்து ஒரே நிகழ்ச்சியைப் பார்த்தனர். எண் எழுத்து பழகும் குழந்தைக்கும் பின்னக் கணக்குப் போடும் சிறுவனுக்கும் ஒரே பாடம் எப்படிப் பொருந்தும்? ஆகவே பாடப்புத்தகத்தை அப்படியே நடத்தாமல், குழந்தையின் ஆர்வத்தைத் தூண்டும் நிகழ்ச்சிகள் உருவாக்கப்பட்டன. சுற்றிலும் நடப்பதைக் கவனி, ஏன் என்று கேள் என்று சொல்லும் அறிவியல் நிகழ்ச்சிகள் பல அவற்றுள் இருந்தன.

அந்தச் சோதனையின் இன்னொரு பக்கம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. விடுமுறைக் காலங்களில் அதே செயற்கைக்கோள் ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்திற்று. அறிவியலை எப்படிக் கற்பிப்பது என்று திரையில் பார்ப்பார்கள். பிறகு வானொலி, அச்சிட்ட குறிப்புகள், கையால் செய்து பார்க்கும் சோதனைகள், குழுவாகக் கூடிப் பேசுதல் எல்லாம் உண்டு. ஏறத்தாழ 50,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இப்பயிற்சியைப் பெற்றனர். அவ்வளவு பேரை ஓரிடத்துக்கு வரவழைத்துப் பயிற்சி தருவது எத்தனை கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஓராண்டு முடிவில் ஆராய்ச்சியாளர்கள் கண்டது என்ன? பெரும்பாலான பெட்டிகள் பழுதின்றி இயங்கின. சாலையற்ற ஊர்களில் அந்த அளவுக்குப் பராமரித்ததே பெரிய சாதனை. தொலைக்காட்சி பார்த்த குழந்தைகளின் மொழித்திறன் வளர்ந்தது. பாடப்புத்தகத்துக்கு வெளியிலும் அறிவைத் தேடும் விருப்பம் அவர்களிடம் தோன்றிற்று. ஆனால் பள்ளியில் புதிதாகச் சேர்வோர் தொகை கூடவில்லை. இடையில் நின்றுவிடுவோர் தொகை குறையவுமில்லை. இதில் வியப்பில்லை. மாடு மேய்க்கப் போகவேண்டிய சிறுவனும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவேண்டிய சிறுமியும் பள்ளிக்கு வராததற்குக் காரணம் தொலைக்காட்சி இல்லாமை அன்று.

1976-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் ஒளிபரப்பு நின்றது. இரவல் கொடுத்தவர் பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கோள் மேற்கு நோக்கி நகர்ந்து சென்றது. பிறகு ஜெய்ப்பூர், ஐதராபாத், ராய்ப்பூர், குல்பர்கா, சம்பல்பூர், முசாபர்பூர் ஆகிய இடங்களில் தரைநிலையங்கள் அமைக்கப்பட்டதால் ஒரு பகுதி ஊர்களுக்குப் படம் திரும்பி வந்தது. மற்ற ஊர்களில் பெட்டி ஊமையாயிற்று. சைட்டின் அனுபவத்தால் இந்திய விண்வெளித் துறை மிகுதியாகக் கற்றுக்கொண்டது. பின்னாளில் இன்சாட் கோள்கள் பிறக்க அது வழிகாட்டிற்று. ஆனால் மூன்றாம் வகுப்பில் தொலைக்காட்சி பார்த்துவிட்டு நான்காம் வகுப்பில் இருண்ட திரையைப் பார்த்த குழந்தைக்கு அதனால் என்ன ஆறுதல்?

கேள்வி கேட்ட வானொலி

ஏறக்குறைய அதே ஆண்டுகளில், மத்திய அமெரிக்காவில் உள்ள நிகராகுவா என்னும் சிறு நாட்டில் வேறொரு சோதனை நடந்தது. அங்கே எடுத்துக்கொண்ட கருவி பழைய டிரான்சிஸ்டர் வானொலி!

இதை வகுத்தவர்கள் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்ரிக் சப்பிஸ் என்பவரின் குழுவினர். சப்பிஸ் 1960-களிலேயே கணிப்பொறி மூலம் குழந்தைகளுக்குக் கணக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தவர். கணிப்பொறி ஒரு கணக்கைக் கொடுக்கும். குழந்தை விடை சொல்லும். சரியா தவறா என்பது உடனே தெரிந்துவிடும். இந்த உடனடி மறுமொழியே குழந்தையைக் கற்க வைக்கிறது என்று அவர் கண்டார். ஆனால் அந்நாளில் கணிப்பொறி ஒரு செல்வந்தர் வீட்டு யானை. ஏழை நாட்டுப் பள்ளியில் அதைக் கட்டித் தீனி போட யாரால் முடியும்? யானையை விட்டுவிட்டு, அது கற்றுத் தந்த பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன? 1974-இல் மசாயா என்னும் பகுதியில் வானொலிக் கணிதத் திட்டம் தொடங்கிற்று.

இந்த வானொலி சொற்பொழிவு ஆற்றவில்லை. கேள்வி கேட்டது, கேட்டுவிட்டுக் காத்திருந்தது. நம் மொழியில் அதைக் கற்பனை செய்து பார்ப்போம். “வலக்கையில் மூன்று விரல்களை நீட்டுங்கள்” என்கிறது வானொலி. சிறிது மௌனம். “இடக்கையில் இரண்டு விரல்களை நீட்டுங்கள்.” மௌனம். “எல்லாம் சேர்த்து எத்தனை?” மௌனம். வகுப்பே ஒரே குரலில் “ஐந்து!” என்று கூவுகிறது. “ஐந்து” என்று வானொலியும் சொல்கிறது. தவறாகச் சொன்ன குழந்தை அந்த நொடியிலேயே தன்னைத் திருத்திக்கொள்கிறது. அரை மணி நேரப் பாடத்தில் ஒரு நிமிடத்துக்குள்ளேயே பல முறை குழந்தை பேசவோ எழுதவோ கையை அசைக்கவோ வேண்டும். தூங்க நேரம் ஏது?

பாடங்களை எழுதி முடித்துவிட்டோம் என்று அந்தக் குழுவினர் கைகழுவிவிடவுமில்லை. வகுப்பில் போய் உட்கார்ந்து கவனித்தனர். குழந்தைகளுக்கு அடிக்கடி தேர்வு வைத்தனர். எந்த இடத்தில் குழந்தைகள் தடுமாறினரோ அந்த இடத்தைத் திருத்தி அடுத்த பாடங்களை எழுதினர். கேட்கமுடியாத வானொலிக்கு இப்படி ஒரு காது முளைத்தது.

பயன் எப்படி என்று அறிய ஒழுங்கான சோதனை ஒன்று நடத்தப்பட்டது. முதல் வகுப்புகளில் சிலவற்றுக்குக் கணித வானொலி, சிலவற்றுக்கு எல்லாருக்கும் பாடநூல், மற்றவை வழக்கம்போல். எந்த வகுப்புக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் முடிவு செய்தனர். இல்லாவிட்டால் நல்ல பள்ளிகளுக்கே நல்ல கருவி போய்விடும். பயன் கருவியால் வந்ததா, பள்ளியால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. ஆண்டு இறுதித் தேர்வில், பாடநூல் பெற்ற குழந்தைகள் மற்றவர்களைவிடச் சராசரியாக மூன்றரை வினாக்களுக்குக் கூடுதலாகச் சரியான விடை தந்தனர். வானொலி வகுப்புக் குழந்தைகளோ ஏறத்தாழ 15 வினாக்களுக்குக் கூடுதலாகத் தந்தனர்! அதைவிட முக்கியமான செய்தி, நகரத்துக் குழந்தைக்கும் கிராமத்துக் குழந்தைக்கும் இடையே இருந்த இடைவெளி குறைந்தது என்பது.

வானொலிக்கும் குறைகள் உண்டு. கூடிக் கூவும்போது கூவாத குழந்தையை அது அறியாது. ஒரு நாள் மழையால் பள்ளி நடக்கவில்லையென்றால் அன்றைய பாடம் காற்றோடு போயிற்று. மனக்கணக்குக்கும் மொழிப் பயிற்சிக்கும் பொருந்திய முறை, எல்லாப் பாடத்துக்கும் பொருந்தாது. 1979-இல் நிகராகுவாவில் புரட்சி வெடித்து ஆட்சி மாறியபோது திட்டமும் முடிந்தது. ஆனால் முறை சாகவில்லை. கென்யாவில் ஆங்கிலம் கற்பிக்கவும், தாய்லாந்தில் கணிதம் கற்பிக்கவும் அதே கேள்வி வானொலி 1980-களில் பயன்பட்டது.

தீக்குச்சியும் ஒரு கருவியே

கருவி என்றாலே மின்சாரத்தில் ஓடவேண்டும் என்பதில்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், இன்று நர்மதாபுரம் என்று வழங்கும் பகுதியில், 1972-ஆம் ஆண்டு 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. கிஷோர் பாரதி, ரசூலியா கிராம மையம் ஆகிய இரண்டு தன்னார்வ அமைப்புகள் முன்னின்றன. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தையும் தில்லிப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த அறிவியலார் துணை நின்றனர். அறிவியலைப் படிக்கவேண்டாம், செய்து பார்க்கவேண்டும் என்பதே அத்திட்டத்தின் கொள்கை.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா என்னும் பொறியாளர் 1978-இல் இங்கு வந்து பணியாற்றினார். வாரச் சந்தையில் கிடைக்கும் பொருள்களே அவருடைய ஆய்வுக்கூடம். நீங்களும் இதைச் செய்து பாருங்கள். மிதிவண்டி வால்வுக்குப் போடும் மெல்லிய ரப்பர் குழாயைச் சிறு துண்டுகளாக நறுக்கி, அவற்றில் தீக்குச்சிகளைச் செருகி ஒரு சதுரம் செய்யுங்கள். விரலால் தள்ளினால் அது சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். இனி ஒரு முக்கோணம் செய்யுங்கள். எவ்வளவு தள்ளினாலும் அது அசையாது. இரயில் பாலத்திலும் மின்கோபுரத்திலும் ஏன் முக்கோணங்களாகவே இருக்கின்றன என்பது ஒரு சொல்லும் சொல்லாமலே விளங்கிவிடும்.

குழந்தையின் கையில் பொருள் கொடுத்தால் உடையும், தொலையும். இத்திட்டத்தினர் அதை முன்பே எதிர்பார்த்து, உடைந்தவற்றை ஆண்டுதோறும் ஈடு செய்ய ஏற்பாடு செய்தனர். ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் பயிற்சி பெற்றதோடு, மாதந்தோறும் கூடித் தங்கள் இடர்ப்பாடுகளைப் பேசிக்கொண்டனர். தேர்விலும் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம். ஏனெனில் புத்தகத்தில் விடை இல்லை! பின்னர் ஏறத்தாழ 1,000 பள்ளிகள் வரை பரவிய அத்திட்டத்தை மாநில அரசு 2002-இல் நிறுத்திவிட்டது.

இதனோடு ஒப்பிடத் தக்கது, 1987-இல் இந்திய அரசு தொடங்கிய கரும்பலகைத் திட்டம். ஒவ்வொரு தொடக்கப்பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள், கற்பிக்கும் பொருள்கள் என்பது அதன் குறிக்கோள். மிகவும் தேவையான திட்டம். ஆயினும் அனுப்பிய பொருள்கள் பல பள்ளிகளில் அலமாரிக்குள் பூட்டியே கிடந்தன. காரணம் சோம்பல் மட்டுமன்று. உடைந்தால் யார் பொறுப்பு? தணிக்கையில் கேட்டால் என்ன சொல்வது? குழந்தை தொட்டுப் பார்க்க அனுப்பிய பொருளைக் குழந்தையிடமிருந்தே காப்பாற்றவேண்டிய நிலை ஆசிரியருக்கு ஏற்பட்டது.

பச்சை வெள்ளைக் கணிப்பொறி

அடுத்துக் கணிப்பொறியின் காலம். இந்தியாவில் 1984-85-ஆம் ஆண்டில் 250 பள்ளிகளில் பி.பி.சி. மைக்ரோ என்னும் பிரிட்டிஷ் கணிப்பொறிகள் வைக்கப்பட்டன. அதற்குச் சற்று முன் 1982-இல், ஆப்பிரிக்க நாடான செனகலில் சிறுவர்களுக்குக் கணிப்பொறி கொடுத்துப் பார்க்கும் சோதனையைச் சீமோர் பேப்பர்ட், நிக்கோலஸ் நெக்ரோபான்டே என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் நடத்தினர். கணிப்பொறி குழந்தைக்குப் பாடம் சொல்லக்கூடாது, குழந்தைதான் கணிப்பொறிக்குச் சொல்லித் தரவேண்டும் என்பது பேப்பர்ட்டின் கருத்து. ஆழ்ந்த கருத்துதான்.

அக்கருத்தை உலகளவில் நிறைவேற்ற நெக்ரோபான்டே 2005-இல் ‘குழந்தைக்கு ஒரு மடிக்கணிப்பொறி’ என்னும் திட்டத்தை அறிவித்தார். விலை 100 டாலர்தான் என்றார். பச்சையும் வெள்ளையுமான அழகிய சிறு கணிப்பொறி. வெயிலிலும் படிக்கத்தக்க திரை. மின்சாரம் இல்லாத ஊருக்காகக் கையால் சுற்றும் கைப்பிடியும் முதல் மாதிரியில் இருந்தது. துனிஸ் நகரில் அதை உலகுக்குக் காட்டிய விழாவில், ஐ.நா. பொதுச்செயலாளர் கோபி அன்னான் சுற்றியபோது கைப்பிடி உடைந்து கையோடு வந்துவிட்டது! விற்பனைக்கு வந்தபோது கைப்பிடி இல்லை. விலையும் 180 டாலரைத் தாண்டியிருந்தது.

எல்லாரினும் மிகுதியாக வாங்கிய நாடு தென் அமெரிக்காவின் பெரு. 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் மலைக்கிராமங்கள் வரை சென்றன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 200 நூல்கள் ஏற்றப்பட்டிருந்தன. புத்தகமே இல்லாத வீட்டுக்கு அது ஒரு நூலகம். அங்கும் குலுக்கல் முறையில் 319 கிராமப்பள்ளிகளில் ஆய்வு செய்து 2012-இல் முடிவை வெளியிட்டனர். பதினைந்து மாதம் கழிந்தும் கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் மட்டும் சிறிது உயர்வு காணப்பட்டது. பெரும்பாலான பள்ளிகளில் இணையத் தொடர்பு கிடையாது. கணிப்பொறியை அன்றாடப் பாடத்தோடு எப்படி இணைப்பது என்று ஆசிரியருக்கு யாரும் காட்டித் தரவில்லை. பெட்டி வந்தது, அதைக் கொண்டு திங்கட்கிழமை காலையில் என்ன செய்வது என்பது வரவில்லை.

அதே கணிப்பொறியை வாங்கிய உருகுவே நாட்டின் கதை சற்று வேறு. 2007-இல் தொடங்கிய அந்நாடு, பள்ளிகளுக்கு இணையத் தொடர்பையும், பழுதுபார்க்கத் தனி அமைப்பையும் ஏற்படுத்திற்று. ஆங்கில ஆசிரியர் கிடைக்காத பள்ளிகளுக்கு 2012 முதல், தொலைவில் உள்ள ஆசிரியர் திரை வழியாக வாரம் ஒரு முறை வந்தார். மற்ற வகுப்புகளைப் பள்ளி ஆசிரியரே நடத்தினார். இருவரும் கலந்து பேசித் திட்டமிட்டனர். இங்கே திரைக்கு அப்பால் இருந்தவரால் குழந்தையைப் பார்க்கவும் முடிந்தது, கேட்கவும் முடிந்தது.

மெக்சிகோவின் தொலைக்காட்சிப் பள்ளிகளும் இவ்வாறே நிலைத்தவை. 1968-இல் தொடங்கிய அப்பள்ளிகளில் ஒரே ஆசிரியர் எல்லாப் பாடங்களையும் கவனிப்பார். பாடத்தைத் திரை தொடங்கி வைக்கும். அச்சிட்ட நூலைக் கொண்டு அதை ஆசிரியர் நடத்தி முடிப்பார். பாட ஆசிரியர்களை அனுப்ப இயலாத கிராமங்களில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒரே காலத்தில் இப்படிப் படித்திருக்கின்றனர்.

கணக்குப் பார்த்தால்

இந்த அறுபதாண்டு வரலாற்றிலிருந்து நமக்குத் தெரிவது என்ன? கருவியின் புதுமைக்கும் கல்வியின் பயனுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. செயற்கைக்கோளைவிட டிரான்சிஸ்டர் பழையது; ஆனால் குழந்தையைப் பதில் சொல்ல வைத்தது டிரான்சிஸ்டர்தான். மடிக்கணிப்பொறியைவிடத் தீக்குச்சி மலிவு. ஆனால் ஆசிரியர் மாதந்தோறும் கூடிப் பேசியது தீக்குச்சியைப் பற்றித்தான். பொன் முலாம் பூசிய ஏரானாலும் உழுவதற்கு ஆள் வேண்டும்.

ஏழை நாட்டின் கல்விப் பணம் வற்றாத ஊற்றன்று. ஒரு பெட்டிக்குச் செலவிட்ட தொகை, ஒரு நூலிலிருந்தோ ஓர் ஆசிரியரின் ஊதியத்திலிருந்தோ எடுக்கப்பட்டதாகும். தவறான தேர்வுக்கு விலை கொடுப்பவர் அமைச்சரோ அறிஞரோ அல்லர். அந்த ஆண்டில் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த குழந்தைதான். அதற்கு இன்னொரு மூன்றாம் வகுப்பு வராது.

மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் 2014-இல் எபோலா நோய் பரவிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, அரசு வானொலியில்தான் பாடம் நடத்திற்று. 2020-இல் கொரோனா உலகெங்கும் பள்ளிகளைப் பூட்டியபோது பல நாடுகள் மீண்டும் வானொலியையும் தொலைக்காட்சியையும் நாடின. திறன்பேசி இருந்த வீட்டுக் குழந்தை படித்தது, இல்லாத வீட்டுக் குழந்தை காத்திருந்தது. பள்ளி திறந்த அன்று இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, யாருக்கு எது விட்டுப்போயிற்று என்று கேட்டறிந்தவர் ஆசிரியர்.

உங்கள் பள்ளிக்கும் நாளை ஏதேனும் ஒரு புதுக் கருவி வரக்கூடும். அதை மகிழ்ச்சியோடு வரவேற்போம். கூடவே சில கேள்விகளையும் கேட்போம். இதன் முன் அமர்ந்து நான் என்ன செய்யப்போகிறேன், பார்ப்பது மட்டும்தானா? எனக்குப் புரியவில்லை என்பது யாருக்குத் தெரியும்? பழுதானால் சரி செய்பவர் எத்தனை தொலைவில் இருக்கிறார்? இதற்குப் பணம் கொடுப்பவர் அடுத்த ஆண்டும் கொடுப்பாரா? இக்கேள்விகளுக்கு விடை இருந்தால் அலமாரிச் சாவியை ஆசிரியர் தயங்காமல் உங்கள் கையில் கொடுப்பார்.